நாகமணி அண்ணரின் கார்க் கூரையும் என் எண்ணெய்ப் போத்தலும்

அன்று நிலாவெளியில் ஒரு வீட்டில் தாயும் சேயும் நலமாய் வேறாகிய பிறகு, கை கழுவிக்கொண்டு வந்து நாகமணி அண்ணரின் கார்க் கோர்ன் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். முதல் நாள் பின்னேரம் என்னை அங்கே இறக்கிவிட்டுப் போகும்போது, "நாளைக்குப் பத்து மணிக்கு வாறன் மிசி" என்று சொல்லிப் போனவர். பத்து என்றால் அவருக்குப் பத்துத்தான். படலைக்கு வெளியே நின்று இரண்டு தரம் மெதுவாக அடிப்பார். மூன்றாம் தரம் அடித்து நான் கேட்டதில்லை.

பத்தரைக்கு வந்து நின்றது ஒரு மாட்டுவண்டி. வண்டிக்காரர் இறங்கித் தலைத்துண்டைக் கழற்றியபோதே எனக்கு விளங்கிவிட்டது. "நாகமணியண்ணை விடியக்காலமை செத்துப்போனார் மிசி. நெஞ்சு நோகுது எண்டு எழும்பி இருந்தவராம், அவ்வளவுதான். பத்து மணிக்கு உங்களை ஏத்தவேணும் எண்டு ராத்திரிச் சொல்லிப் படுத்தவராம். அதுதான் இராசம்மாக்கா என்னை அனுப்பினவ" என்றார். கணவரின் உடல் நடுவீட்டில் கிடக்க, மருத்துவமாது ஒருத்தி வழியில் நிற்பாளே என்று அந்த அம்மா வண்டி அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டு மனிதர்கள் அப்படிப்பட்டவர்கள்.

அமரர் நாகமணி அவர்களைத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அறியாதவர் குறைவு. ஆனால் பலரும் அறிந்தது காரைத்தான். கறுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் யுத்தத்துக்கு முன் வாங்கியது. அதன் கூரையில் கதவுப் பலகை அளவான ஒரு தகடு இருக்கும். கைப்பிடியைத் திருப்பிப் பின்னுக்குத் தள்ளினால் தகடு உள்ளே போய்விடும், தலைக்கு மேல் வானம் தெரியும். தெருவில் போகும் பிள்ளைகள் அதைப் பார்க்கப் பின்னால் ஓடிவரும். அந்தக் காரை ஓட்டிய மனிதரைப் பற்றி, அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியது என் கடமை. கடனில்லை, கடமை. அதற்கு மேல் ஒரு காரணமும் உண்டு. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

துறைமுகத்தில் யப்பான்காரன் குண்டு போட்ட சித்திரையில் பட்டினத்தில் பாதி வீடுகள் பூட்டப்பட்டன. சனம் தோப்பூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் சொந்தக்காரரைத் தேடிப் போனது. நாகமணி அண்ணரும் மனைவியைத் தோப்பூரில் கொண்டுபோய் விட்டார். ஆனால் நாலாம் நாள் தனியாகத் திரும்பி வந்து ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினார். நான் போகவில்லை. என் பொறுப்பில் உப்புவெளி, சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளிப் பக்கத்தில் பதினொரு பெண்கள் மாசமாக இருந்தார்கள். "என்னண்ணை, பயமில்லையோ?" என்று கேட்டேன். "பயம் இருக்குது மிசி. ஆனா வயித்தில இருக்கிறதுக்கு யுத்தம் தெரியாதே, அது நாள் பாத்துத்தானே வரும்" என்றார். அன்றிலிருந்து என் ஓட்டமெல்லாம் அவருடைய காரில்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊர் அறிந்த விஷயம். அவர் அதற்கு எதிர்மாறு. நான் பத்துச் சொன்னால் அவர் ஒன்று சொல்வார், அதுவும் பெரும்பாலும் "ஓம் மிசி" என்பதாகத்தான் இருக்கும்.

சல்லியிலிருந்து தலைப்பிள்ளைக்காரி ஒருத்தியை ஏற்றி வந்த நாள் நினைவிருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடந்தது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வாழ்நாளில் கார் ஏறாத பெண். மூடிய காருக்குள் இருக்கமாட்டேன், மூச்சு முட்டுகிறது என்று கதவைப் பிடித்து இழுக்கிறாள். நான் அதட்டினேன். அண்ணர் காரை ஓரமாக நிறுத்தி, கூரையைத் தள்ளித் திறந்தார். கடற்காற்று வந்து விழுந்தது. அவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினம் வரைக்கும் வந்தாள். பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "காத்து வந்தாப் பாதிப் பயம் போயிடும் மிசி." என் பதினைந்து வருட வேலையில் எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

அந்தக் கூரைதான் அவருக்குத் தலையிடியும். தகட்டைச் சுற்றி விரல் தடிப்பில் ஒரு றப்பர் வார் ஓடும். தகட்டுக்கும் கூரைக்கும் இடையில் தண்ணீர் இறங்காமல் பிடிப்பது அதுதான். உப்புக் காற்றும் எங்கள் வெயிலும் சேர்ந்து அதை வறட்டிவிட்டன. வெடித்து, பாளம் பாளமாய், பித்தவெடிப்புக் கண்ட குதிக்கால் மாதிரி இருந்தது. புதிது வாங்க வழியில்லை. றப்பர் மரம் நிற்கிற நாட்டில்தான் இருக்கிறோம். ஆனால் றப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போயிற்று.

இங்கேதான் நான் வருகிறேன். எந்த நேரமும் என் பையில் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று இருக்கும். தாய்க்கு வயிற்றில் தடவ, பிள்ளைக்கு உடம்பில் தடவ, எனக்குக் கை வழுக்க. வறண்ட தோலைக் கண்டால் என் கை தானாகப் போத்தலைத் தேடும். அண்ணர் பெற்றோல் கூப்பனுக்கு அரசாங்கக் கச்சேரியில் வரிசை நிற்க நான் காரில் காத்திருந்த ஒரு நாள், அந்த வெடித்த றப்பரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விரலில் எண்ணெய் தொட்டு நாலு பக்கமும் வடிவாய்த் தேய்த்துவிட்டேன். கறுப்பாய் மினுங்கியது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவர் தேத்தண்ணி குடிக்கப் போனால், கிண்ணியாவில் பாதைப் படகுத்துறையடியில் குறிஞ்சாக்கேணிப் பெண்களுக்காகக் காத்துநின்றால், நான் கூரைக்கு எண்ணெய் பூசுவேன். அவரிடம் சொன்னதில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

கார்த்திகை மழை தொடங்கியபோது வார் பாகுபோல் இளகி, தொட்ட இடமெல்லாம் கையோடு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எட்டுநாள் பிள்ளையோடு வீடு திரும்பிய ஒரு தாய் உப்புவெளி தாண்டுவதற்குள் தோள் நனைய நனைந்துபோனாள். பிள்ளையை நான் என் சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டுபோனேன். அந்தத் தாய்க்குக் காய்ச்சல் பிடித்தது. சுகமாகிவிட்டாள் என்றாலும் விஷயம் பெரிய டாக்குத்தரின் காதுக்குப் போயிற்று.

அவர் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. நோயாளரை ஏற்ற உகந்த கார் என்று அவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குத்தான் அண்ணருக்குக் கூப்பன் கிடைத்தது. "அடுத்த திங்கட்கிழமை காரை இங்கே கொண்டுவாரும். நானே உள்ளே இருப்பேன், மேலே தண்ணீர் ஊற்றுவோம். ஒரு துளி விழுந்தாலும் கடிதம் இல்லை" என்றார். கடிதம் இல்லையென்றால் பெற்றோல் இல்லை. ஓடாமல் நிற்கிற காரை இராணுவம் எடுத்துக்கொள்ளும். பிறகு நிலாவெளியிலிருந்து நோவோடு வருகிறவளுக்கு மாட்டுவண்டிதான். மாட்டுவண்டியில் வந்து வழியிலேயே போன இரண்டு பேரை நான் அறிவேன்.

"தாரை ஊத்தி ஒரேயடியா அடைச்சுவிடுங்கோ அண்ணை" என்று நான்தான் சொன்னேன். "அடைச்சாக் காத்து வராதே மிசி" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

சனிக்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் வேலை நடந்தது, நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இராசம்மாக்கா அதற்குள் தோப்பூரிலிருந்து திரும்பி வந்துவிட்டார். பழைய வாரை உரித்தெடுத்து, தகட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, வெயிலில் காயவிட்டார். தகட்டைச் சுற்றியிருந்த வாய்க்கால் போன்ற காணின் மூலைகளில் தண்ணீர் இறங்கும் ஓட்டைகளுக்குள் தென்னோலை ஈர்க்கை விட்டு மண் எடுத்தார். எங்கோ தேடிப் பிடித்த, வெடித்துப்போன ஒரு ரயர் ரியூப்பை நீளவாட்டில் வெட்டி, உள்ளே லாம்புத் திரியை வைத்துச் சுருட்டி, ஓட்டை ஒட்டுகிற சொலூசனால் ஒட்டினார். புது வார் தயார். அதை விளிம்பில் பதிக்கும்போது இராசம்மாக்கா அவசரத்தில் இழுத்துப் பிடிக்க, "இழுக்காதை, இழுத்து ஒட்டினா நாளைக்குச் சுருங்கி மூலையில வாய் பிளக்கும். அது தன்ர பாட்டில படுக்கட்டும்" என்றார். பிறகு கூரையை மூடி, இடையில் புதினத்தாள் துண்டுகளை வைத்து ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தார். லேசாக வந்த இடத்தில் திரியை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கினார்.

கடைசியில் இராசம்மாக்காவை ஒரு வெள்ளைச் சீலைத்துண்டோடு காருக்குள் இருத்திவிட்டுப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்.

"எங்கயாவது ஒழுகுதோ?"

"இல்லை."

"வடிவாப் பாத்துச் சொல்லு."

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து ஒரு காருக்குள்ள என்னைச் சும்மா இருக்கவிட்டது இண்டைக்குத்தான். இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ, இருக்கிறன்."

அவர் சிரித்ததை நான் சில தரம்தான் கண்டிருக்கிறேன். அதில் அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சல்லிக்குப் போக நான் நேரத்தோடே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் கிணற்றடியில் நின்றார். கார் முற்றத்தில் நின்றது. நாளைக்குச் சோதனைக்குப் போகிற பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்காமல் யார் அனுப்புவார்கள்? கூரையைத் திறந்து, புது வாருக்கு நாலு பக்கமும் தாராளமாய், ஒட்டின இடமெல்லாம் ஊறும்படி நல்லெண்ணெய் பூசினேன். மனதுக்குள் பிள்ளையாரையும் கும்பிட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் தாதிமார், வேலையாட்கள், காத்திருந்த சனம் எல்லாரும் கூடிவிட்டார்கள். டாக்குத்தர் உள்ளே ஏறி இருந்தார். இரண்டாம் பூவாளிக்கே முன் மூலையில் வார் கழன்று தொங்கியது. தண்ணீர் அவருடைய சட்டைக் கையில் ஓடியது. அவர் கையை உதறிக்கொண்டு இறங்கினார்.

நான் பொறுக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அண்ணரை ஏசினேன். "வீட்டில வைச்சுச் செய்த வேலை எண்டால் இப்பிடித்தான். நீங்கள் செய்தது சரியெண்டு நான் டாக்குத்தரிட்ட வாக்குக் குடுத்தனான். நாளைக்கு ஒரு பெட்டை வண்டியில செத்தால் அந்தப் பழி ஆருக்கு?" என்று கேட்டேன். இன்னும் சொன்னேன். எழுத விருப்பமில்லை.

அவர் கழன்ற வாரை எட்டித் தொட்டார். விரலை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு டாக்குத்தரிடம் திரும்பி, "பிழை என்னிலதான் ஐயா. இன்னும் ஒரு கிழமை தாங்கோ" என்றார்.

ஒரு கிழமை கிடைத்தது. அந்தக் கிழமை அவர் என்ன செய்தார், றப்பர் எங்கே எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை, அவ்வளவு கோபம். இரண்டாம் சோதனையில் டாக்குத்தர் மடியில் கடிதத்தாளை வைத்துக்கொண்டு ஆறு பூவாளித் தண்ணீருக்கும் உள்ளே இருந்தார். தாள் நனையவில்லை. அதே தாளில் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அண்ணரிடம் இரண்டு புதுப் பழக்கங்களைக் கண்டேன். ஒன்று, நான் ஏறியதும் என் பையை வாங்கிப் பின் பெட்டியில் வைத்துவிடுவார். "காலுக்கு இடைஞ்சல் மிசி" என்பார். மற்றது, சனிக்கிழமைகளில் பிள்ளைக்குப் பூசுகிற பவுடரில் கொஞ்சம் கேட்பார். "இதைக் கூரை வாருக்குப் பூசிவிடுங்கோ மிசி. என்ர கை முரடு. உங்கட கைதான் அதுக்குச் சரி." நானும் பெருமையாய்ப் பூசுவேன். "பிள்ளைக்கு மிச்சம் வையுங்கோ அண்ணை, உங்கட காருக்கு மாப்பூசி மாளாது" என்று பகிடி பண்ணுவேன். "ஓம் மிசி" என்பார். எண்ணெய் பூசும் எண்ணமே எனக்குப் பிறகு வரவில்லை. கைக்குத்தான் வேறு வேலை கிடைத்துவிட்டதே.

தை மாதத்தில், மாரி முடியும் தறுவாயில், நிலாவெளியிலிருந்து ஒருத்தியை ஏற்றி வரும்போது ரயர் வெடித்தது. மழை கொட்டுகிறது. மாற்றுச் சில்லை எடுங்கள் என்றேன். அதற்குள் ரியூப் இல்லை. "ஒரு ரியூப் வைச்சிருக்க ஏலாதோ உங்களுக்கு? என்ன மனிசன் நீங்கள்?" என்று அன்றும் பேசினேன். "மறந்துபோனன் மிசி" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினார். சில்லைக் கழற்றி, முழங்காலில் இருந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டை ஒட்டினார். அவர் ஒட்டி முடிப்பதற்குள் உள்ளே ஆண்பிள்ளை பிறந்துவிட்டது. மேலே தகட்டில் மழை அடித்தது. என் கையிலோ, தாயின் முகத்திலோ, பிள்ளையிலோ ஒரு துளி விழவில்லை. பிள்ளையின் அழுகை கேட்டு அவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். ஆளில் காய்ந்த இடம் ஒன்றும் இல்லை. "நனையேல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

இப்படி இன்னும் ஒரு மாரி ஓடிற்று. இந்தக் கார்த்திகையில் அவர் போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு இராசம்மாக்கா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு ஒரு பிஸ்கற் டின்னைத் திறந்தார். உள்ளே ஊதிப் பருத்து, பிசுபிசுத்து, தும்பும் தூசியும் ஒட்டிய ஒரு றப்பர் வார் சுருண்டு கிடந்தது. அவர் வாய் திறக்க முன்னமே மணம் வந்துவிட்டது. நல்லெண்ணெய் மணம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"கோவிக்காதேங்கோ மிசி" என்றார். "உங்களிட்டச் சொல்லக்கூடாது எண்டு அவர் எனக்குச் சொன்னவர். ஆனா இனி என்ர தம்பி இந்தக் காரை ஓட்டப்போறான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் தெரியாமல் திரும்ப எண்ணெய் பூசினால் கூரையும் போகும், டாக்குத்தரின்ர கடிதமும் போகும். எண்ணெய் பட்டால் றப்பர் ஊதி அழுகிப்போகுமாம். அதாலதான் சொல்லுறன்."

நான் வாரைத் தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டது.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியால வந்து விரலை என்ர மூக்குக்குக் கிட்ட நீட்டினவர். 'மோந்து பார், மிசியின்ர எண்ணெய்' எண்டவர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. 'அத்தினை பேருக்கு முன்னால உங்களைப் பேசினவ, போய்ச் சொல்லுங்கோ' எண்டு அவரிட்டச் சொன்னனான். அவர் கேக்கேல்லை. 'பிள்ளை தலை காட்டேக்குள்ள அவவின்ர கை நடுங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை. உங்கட கையாலதான் கெட்டது எண்டு நான் சொன்னா, நாளைக்கு எண்ணெய்ப் போத்தலை எடுக்கேக்குள்ள அந்தக் கை ஒருக்கா யோசிக்கும். ஒரு கார்க் கூரைக்காக அது வேண்டாம்' எண்டவர்."

"அப்ப புது வாருக்கு றப்பர்?" என்று கேட்டேன்.

"வேற எங்க போறது? மாத்துச் சில்லின்ர ரியூப்பைத்தான் வெட்டினவர். நல்ல ரியூப்."

மழைக்குள் முழங்காலில் இருந்த மனிதரை நான் அன்று கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. என்ன மனிசன் நீங்கள் என்று கேட்டேன். இதோ, இப்போதுதான் பதில் வந்தது.

முற்றத்துக்குப் போனேன். கார் அவர் விட்ட இடத்திலேயே நின்றது. சனிக்கிழமை. பையைத் திறந்து, எண்ணெய்ப் போத்தலை ஒதுக்கிவிட்டுப் பவுடர் டின்னை எடுத்தேன். கூரையைத் தள்ளித் திறந்து நாலு பக்கமும் வாருக்குப் பூசினேன். முன் மூலையில் அவருடைய பெருவிரல் சொலூசனில் பதிந்த அடையாளம் இருந்தது. அதன்மேல் பூசவில்லை. கூரையை இழுத்து மூடிக்கொண்டு, அவருடைய ஆசனத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. தகட்டில் பலமாகவே அடித்தது. எந்த மூலையிலும் ஒரு துளி இறங்கவில்லை.

வாசலில் நின்று இராசம்மாக்கா கேட்டார்: "எங்கயாவது ஒழுகுதோ மிசி?"

"இல்லை அக்கா" என்றேன்.

அண்ணை, அடுத்த கிழமை சாம்பல்தீவில் ஒருத்திக்கு நாள். உங்கள் மைத்துனர் ஓட்டுவார், பையை நானே பின்பெட்டியில் வைப்பேன். என் கை நடுங்காது. அதற்கு நீங்கள் கொடுத்த விலை வீண்போகவிடமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் சொன்னதை, இதை வாசிக்கிற அத்தனை பேருக்கு முன்னால் நான் திருப்பிச் சொல்கிறேன். பிழை என்னிலதான். நனையாமல் போய்ச் சேருங்கள்.